பட்டம் உண்டு, தெரிந்தவர் இல்லை: சுற்றுச்சூழல் துறைக்குள் நம் இளையோர் நுழையும் வழி

பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும்: "சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" மருத்துவம் என்றால் மருத்துவமனை, சட்டம் என்றால் நீதிமன்றம், ஆசிரியர் பயிற்சி என்றால் பள்ளிக்கூடம். சுற்றுச்சூழல் என்றால் மரம் நடப் போகிறாயா என்று கேட்டுச் சிரிக்கும் சித்தப்பாக்களுக்குப் பஞ்சமில்லை.

படித்து முடித்த பிள்ளைகளின் கவலை வேறு. வேலை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் தெரியாது. ஓராண்டு தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்த விற்பனை வேலையிலோ அழைப்பு மையத்திலோ சேர்ந்துவிடுகிறார்கள். மூன்றாண்டுகள் ஆற்று நீரைச் சோதிக்கக் கற்றுக்கொண்ட கை, அதன்பிறகு ஒரு முறைகூட மாதிரிக் குப்பியைத் தொடுவதில்லை.

இத்தனைக்கும் இந்தத் துறையில் ஆள் தேவை குறைந்தபாடில்லை. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவு நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. தண்ணீர் லோரிக்கு வாளியோடு காத்திருந்த குடும்பங்கள் அதை எளிதில் மறக்கமாட்டா.

அதன்பிறகு சட்டமும் இறுகியது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. ஆற்று நீரை மாசுபடுத்தும் குற்றத்துக்கு முன்பு 1 லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இப்போது 1 கோடி ரிங்கிட். இந்த அளவு அபராதம் தலைமேல் தொங்கும்போது எந்தத் தொழிற்சாலையும் விவரம் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளத்தான் பார்க்கும்.

ஆனால் அந்த ஆளை எப்படித் தேடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். கழிவுநீர்ப் பொறுப்பாளர் விலகப் போகிறார் என்பது, விளம்பரம் வருவதற்கு முன்பே அவரோடு பயிற்சி எடுத்த பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று பேராசிரியர் தம் பழைய மாணவர்களிடம் முதலில் சொல்வார். பிறகுதான், அதுவும் வேண்டுமென்றால்தான், அறிவிப்புப் பலகை. இதைச் சதி என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்க வேலை இப்படித்தான் கைமாறுகிறது.

இதை ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். 1973இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். வாரம் இருமுறையாவது பார்ப்பவர் என்றோர் 100க்கு 17 பேர் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர் என்றோர் 56 பேர். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அதற்கும் குறைவாகப் பார்ப்பவர் என்றோர் 28 பேர். நெருங்கிய உறவுகளைவிட, தூரத்து அறிமுகங்கள்தாம் அதிகம் கைகொடுத்திருந்தன.

காரணம் எளிது. நமக்கு நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். தமிழில் 'சொந்தக்காரர்' என்றும் 'தெரிந்தவர்' என்றும் இரண்டு சொற்களை நாம் பிரித்தே வைத்திருக்கிறோம். கிரானோவெட்டர் சொன்னது அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

நம் குடும்பங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். திருமண மண்டபத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஆசிரியர், ஒரு தாதி, ஒரு வழக்கறிஞர், ஒரு காவல்துறை அதிகாரி கிடைத்துவிடுவார்கள். அந்தத் துறைகளுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு யாரிடமாவது கேட்டுவிட வழியுண்டு. ஆனால் ஆற்றுச் சூழலியலாளரோ காற்றுத் தர ஆலோசகரோ அந்த மண்டபத்தில் இருப்பது அரிது. தோட்டத்திலிருந்து படித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளை என்றால் இன்னும் அரிது. இந்த இடைவெளியை நிரப்பத்தான், துறையில் புதிதாக நுழைவோருக்கான தொடர்பு வட்டங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை 'நெட்வொர்க்' என்கிறார்கள். நம் நாட்டில் அவை பல வடிவங்களில் இயங்குகின்றன, பெரும்பாலானவை யாருக்கும் திறந்தவையே. இருக்கின்றன என்று நம்மவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

சட்டமே உருவாக்கிய வட்டம்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் அருகில் இருக்கும் வட்டம் செம்பனை ஆலையின் பின்புறத்தில் இருக்கிறது. ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கழிவுநீர்க் குளங்களின் வாடை தெரியாத தோட்டத்துக்காரர் கிடையாது. அந்தக் குளங்கள் ஏன் அப்படி வரிசையாக இருக்கின்றன என்பதில் ஒரு தொழிலே அடங்கியிருக்கிறது.

ஆலையிலிருந்து புதிதாக வெளிவரும் கழிவுநீரின் 'பி.ஓ.டி.' அளவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் என்பதே அந்தக் கணக்கு. அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன்களுக்கு மூச்சு இருக்காது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறை வந்தது. 1978இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 ஆனது. 25,000ஐ 100க்குக் கொண்டுவருவதுதான் அந்தக் குளங்களின் வேலை. எந்தக் குளத்தில் காற்று வேண்டும், எதில் கூடாது, அடியில் சேரும் சேற்றை எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும். நாட்டில் இத்தகைய ஆலைகள் 400க்கும் மேல்.

இந்தப் பொறுப்பாளரைச் சட்டம் 'காம்பிடன்ட் பெர்சன்', அதாவது தகுதிச் சான்று பெற்றவர் என்கிறது. 2012இல் நடந்த திருத்தத்தின் வழி சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் சேர்ந்த 49ஏ பிரிவு இதற்கு வழிசெய்தது. பயிற்சியும் சான்றும் தருவது சுற்றுச்சூழல் துறையின் கீழ் இயங்கும் எய்மாஸ் என்னும் மலேசியச் சுற்றுச்சூழல் கழகம். பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் அது அமைந்துள்ளது. செம்பனை ஆலைக் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவுநீர், காற்று வடிகட்டும் கருவிகள், அட்டவணையிடப்பட்ட கழிவு என்று தனித்தனிச் சான்றுகள் உண்டு. வகுப்பு, அதன்பின் தேர்வு, அதன்பின் களப்பயிற்சி அறிக்கை என்று படிகள் ஏற வேண்டும்.

அட்டவணையிடப்பட்ட கழிவு என்ற சொல் புதிதாகத் தோன்றலாம். பொருள்கள் பழக்கமானவையே. பட்டறையில் வடிக்கும் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்று எண். பூச்சிமருந்து ஒட்டிய காலி டப்பாவுக்கு எஸ்.டபிள்யூ. 409. 2005ஆம் ஆண்டின் விதிமுறையில் இப்படி 77 வகைகள் உள்ளன. இவற்றை 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறு தொழிற்சாலைகள் முதல் மருத்துவமனைகள் வரை இந்தக் கணக்கை ஒருவர் எழுதியாக வேண்டும்.

இதில் தொடர்பு வட்டம் எங்கே வருகிறது? அந்த வகுப்பறையில்தான். ஜொகூரிலிருந்து ஒருவர், கூலிமிலிருந்து ஒருவர், ரப்பர் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர், ஹோட்டலிலிருந்து ஒருவர் என்று பல ஊர் ஆட்கள் அங்கே ஒன்றாக உட்காருகிறார்கள். வகுப்பு முடிந்தபின் ஒரு புலனக் குழு பிறக்கும். பிறகு அதில்தான் எல்லாம் நடக்கும்: எந்தப் பம்பு பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆய்வகம் முடிவை வேகமாகத் தருகிறது, எந்த இடத்தில் ஆள் தேவை. சான்றைப் புதுப்பிக்கத் தொடர்ந்து பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டியிருப்பதால், பழைய முகங்களை மீண்டும் மீண்டும் சந்திக்கவும் நேர்கிறது. கிரானோவெட்டர் சொன்ன 'எப்போதாவது பார்ப்பவர்' இவர்தான்.

இந்த வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் நிறுவனங்களே தம் ஊழியர்களுக்குக் கட்டி அனுப்புகின்றன. ஆகவே, வேலைக்கான முதல் நேர்காணலிலேயே "எய்மாஸ் பயிற்சிக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. சம்பளத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி அது.

இதே வகையில் இன்னும் சில. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பர் வாரியம், வளிமண்டல அறிவியலையும் சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்தையும் ஒரு தனிப் பிரிவாகவே வைத்துப் பட்டதாரிகளைப் பதிவு செய்கிறது. வேதியியல் படித்து ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு மலேசிய வேதியியல் கழகம் இருக்கிறது. 1984இல் தோன்றிய என்சர்ச், சுற்றுச்சூழல் நிர்வாகத்திலும் ஆய்விலும் இருப்பவர்களின் சங்கம். ஆலோசகர்கள், ஆலை நிர்வாகிகள், விரிவுரையாளர்கள் என்று மூன்று தரப்பினரும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடம் அது.

பெயர்கள் ஒளிந்திருக்கும் அறிக்கை

யாரைத் தேடுவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதிகம் பேர் பயன்படுத்தாத வழி. பெரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது 1988 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. அதைத் தயாரிக்கும் ஆலோசகர்கள் சுற்றுச்சூழல் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெரிய திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்களின் கருத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

அந்த அறிக்கையின் முன்பக்கங்களைப் புரட்டினால் ஆய்வுக் குழுவின் பட்டியல் இருக்கும். நீர்த்தரம் பார்த்தவர் யார், காற்றைப் பார்த்தவர் யார், காட்டுயிர்களைக் கணக்கெடுத்தவர் யார், சுற்றுவட்டாரக் குடும்பங்களிடம் பேசி சமூகப் பொருளாதாரப் பகுதியை எழுதியவர் யார் என்று பெயரோடு கிடைக்கும். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் வரும் நெடுஞ்சாலை அல்லது தொழிற்பேட்டையின் அறிக்கையை எடுத்து, தம் பாடத்துக்குரிய அத்தியாயத்தை முழுக்கப் படித்துவிட்டு, அதை எழுதியவருக்கு ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்பும் மாணவரை எந்த ஆலோசகரும் மறக்கமாட்டார்.

கேள்வி என்பது முக்கியம். "வேலை காலி இருக்கிறதா சார்?" என்று அனுப்பினால் பதில் வராது. "ஆற்றில் இந்த இரண்டு இடங்களில் மட்டும் மாதிரி எடுத்தது ஏன்? மழைக்காலத்தில் எடுத்திருந்தால் எண்கள் மாறியிருக்குமா?" என்று கேட்டால் வரும். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தயக்கம் குறுக்கே நிற்கிறது. பெரியவர்களிடம் நாமாகப் போய்ப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். வீட்டில் அது நல்ல பழக்கம்தான். ஆய்வு உலகத்தில் மட்டும், கேள்வி கேட்பதைத்தான் மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சேற்றில் நின்று கிடைக்கும் அறிமுகம்

கூட்ட அரங்கில் கை குலுக்குவது எல்லாருக்கும் வராது. அத்தகையோருக்குக் களப்பணியே நல்ல வழி. ஒரு நாள் முழுக்க ஒருவரோடு வெயிலில் நடந்துவிட்டால் தனியாக அறிமுகம் எதற்கு?

1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் இந்த வகையில் மூத்தது. 1985-86இல் எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கும், 1993-94இல் பெலும் காட்டுக்கும் அது நடத்திய ஆய்வுப் பயணங்களில் அறிஞர்களும் தொண்டூழியர்களும் கலந்தே போனார்கள். எண்டாவ்-ரொம்பினின் ஜொகூர் பகுதி 1993இல் தேசியப் பூங்காவானது. ரோயல் பெலும் 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. பள்ளிகளில் இயங்கும் இயற்கை நேயர் மன்றங்களும் இக்கழகத்தின் ஆதரவில் 1991இல் உருவானவையே. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை 1987 முதல் இக்கழகம் கவனித்து வருகிறது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, சீனன் கோவில் திருவிழாவுக்கும் மீன் சாப்பிடவும் அந்த ஊருக்குப் போய் வந்து, பூங்காவின் வாசலை மட்டும் மிதிக்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987இல் தொடங்கிய அது இன்றும் பெரிதும் தொண்டூழியர்களால்தான் நடக்கிறது. சைபீரியா வரையிலான வடக்கு நாடுகளிலிருந்து வரும் பறவைகள் சிலாங்கூர்க் கரையோரச் சேற்றில் இரை தேடும். காப்பார் கரையோரம் அப்பறவைகளுக்குப் பேர்போனது. கிள்ளான், காப்பார் வட்டாரத் தமிழர்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். முதல் ஆண்டில் புதியவருக்குத் தரப்படும் வேலை, அனுபவசாலி சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான். இரண்டாம் ஆண்டில் அவரே இரண்டு மூன்று இனங்களை அடையாளம் காண்பார். அதற்குள் அந்த அனுபவசாலிக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். பிறகு ஆராய்ச்சி உதவியாளர் தேவை என்று யாராவது கேட்டால் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

புலிகளுக்கும் இப்படி ஒரு வட்டம். நாட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு கூறியது. 2003இல் உருவான மைகேட் என்னும் புலிப் பாதுகாப்புக் கூட்டணி, 2010இல் பொதுமக்களைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் நடைப்பயணத்தைத் தொடங்கியது. பகாங், தாமான் நெகாராவை ஒட்டிய சுங்கை யூ பகுதியில் கண்ணிகள் உள்ளனவா என்று பார்த்தபடி தொண்டூழியர்கள் நடந்தார்கள். வேட்டைக்காரன் வைத்த கம்பிக் கண்ணி எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் பார்ப்பதற்கும் காட்டில் கண்டெடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நம்மவர்கள் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா அருகே இருப்பது ராஜா மூசா கரிநிலச் சதுப்புக் காடு. தீப்பிடித்தால் சிலாங்கூர் முழுக்கப் புகை சூழும் காடு அது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் உலகச் சுற்றுச்சூழல் மையம், சிலாங்கூர் வனத்துறையோடு சேர்ந்து 2008 முதல் அங்கே காட்டை மீட்டெடுத்து வருகிறது. கால்வாயை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது, கன்று நடுவது இரண்டுமே அங்கு நடக்கின்றன. சித்தப்பாக்கள் கேலி செய்யும் 'மரம் நடுதல்' இங்கே நீரியல், மண்ணியல், தீத்தடுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு.

ஆய்வாளர்களின் வட்டங்கள்

முதுகலை, முனைவர் பட்டம் என்று போகிறவர்களுக்கு வேறு வகை வட்டங்கள் வேண்டும். மலேசிய அறிவியல் கழகத்தின் இளம் அறிவியலாளர் வட்டம் 2012இல் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே உறுப்பினர். ஆனால் அவர்கள் நடத்தும் பயிலரங்குகள் வழி இளையவர்களும் பயன்பெறலாம்.

உலக அளவில், 1963இல் தோன்றிய வெப்பமண்டல உயிரியல் சங்கமும், 1985இல் தோன்றிய பாதுகாப்பு உயிரியல் சங்கமும் பெரியவை. முன்னது 2018இல் தன் ஆண்டுக் கூட்டத்தைக் கூச்சிங்கில் நடத்தியது. பின்னதன் உலக மாநாடு 2019இல் கோலாலம்பூரில் நடந்தது. விமானச் செலவில்லாமல் உலக ஆய்வாளர்களை நேரில் காணும் வாய்ப்பு அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறை நம் வாசலுக்கே வந்தது. மாணவர்களுக்கும் வளரும் நாட்டினருக்கும் இத்தகைய சங்கங்கள் கட்டணத்தைக் குறைத்தே வைத்திருக்கின்றன.

1985இல் தொடங்கிய பாதுகாப்புத் தலைமைத்துவத் திட்டம் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கென்றே நிதி தந்து வந்திருக்கிறது. துறையில் ஐந்தாண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் விதி. பெரிய பெயர் உள்ளவர்கள் போட்டிக்கு வர முடியாது. பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளையும் சிறு நிதி தருகிறது. நிதி பெற்றவர்களின் பெயரையும் அவர்களின் அறிக்கையையும் பொதுவில் வைக்கிறது. மலேசியாவில் யார் எதை ஆராய்கிறார்கள் என்று அறிய அந்தப் பட்டியலே போதும்.

பருவநிலைக் கொள்கையில் ஆர்வமுள்ளோருக்கு 2015 முதல் இயங்கும் மலேசிய இளையோர் பேராளர் குழு இருக்கிறது. ஐநா பருவநிலை மாநாடுகளில் நாட்டு இளையோரின் குரலாகக் கலந்துகொள்வது அதன் வேலை. அறிவியல் படித்தவர்தான் சேர வேண்டும் என்பதில்லை.

முன்னே நடந்தவர்கள்

இந்தத் துறை நமக்கு அந்நியம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பது புதிர்தான். தமிழ்நாட்டில் 1926இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் 1977இல் உருவான சஹாபாட் அலாம் மலேசியாவையும் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தினார். 1988இல் ரைட் லைவ்லிஹூட் விருது சரவாக் காட்டைக் காக்கப் போராடியவர்களோடு அவருக்கும் கிடைத்தது. 2019 மே மாதம் அவர் மறைந்தார். அவரோடு பணியாற்றிய வழக்கறிஞர் மீனாட்சி ராமன் 2004 முதல் 2008 வரை உலகப் பூமி நண்பர்கள் அமைப்பின் தலைவராக இருந்தார். பினாங்கில் ஒரு சிறு அலுவலகத்தில் தொடங்கிய தொடர்புகள் உலக மேடை வரை நீண்டன. கடிதமும் தொலைநகலும் மட்டுமே இருந்த காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறத்துக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. களைக்கொல்லி தெளித்த பெண்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகனித்தா 2002இல் அறிக்கையாக வெளிக்கொண்டு வந்தது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் தடை செய்யப்பட்டது. அந்த அறிக்கைக்குச் சாட்சி சொன்னவர்கள் நம் அம்மாக்கள், பாட்டிகள்.

அதே 2020 ஜனவரியில்தான் எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் செம்பனை நிலைத்தன்மைச் சான்று கட்டாயமானது. 2004இல் உருவான ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பின் தலைமைச் செயலகம் இருப்பதும் கோலாலம்பூரில்தான். இந்தச் சான்றுகளுக்காகத் தோட்டங்களில் நிலைத்தன்மை அதிகாரிகளும் தணிக்கையாளர்களும் வேலை செய்கிறார்கள். மருந்துக் கிடங்கு எங்கே இருக்கும், தெளிப்பு முடிந்து குளிக்க இடம் இருக்கிறதா, மண்டோர் பக்கத்தில் நின்றால் தொழிலாளி உண்மை பேசுவாரா என்பதெல்லாம் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தணிக்கை உலகத்தில் அது எளிதில் வாங்க முடியாத அறிவு. நேர்காணலில் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தாம் அதிகம்.

கவனிக்க வேண்டியவை

எல்லா வட்டங்களும் நல்லவை என்று சொல்லிவிட முடியாது. இளையோரைக் குறிவைத்து நடக்கும் கட்டண 'உலக மாநாடு'கள் உண்டு. விண்ணப்பித்த மறுநாளே 'தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்' என்று கடிதம் வரும். விமானச் சீட்டு, தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் நாமே கட்ட வேண்டும். போய் வந்தபின் மிஞ்சுவது ஒரு சான்றிதழும் சில படங்களும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களும் இதே வகைதான். ஏற்பாட்டாளர் யார், கட்டுரைகளை மதிப்பிடுவோர் யார் என்று பெயரோடு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அம்மாவின் சேமிப்பிலிருந்து போகும் பணம் என்றால் இருமுறை கேட்கலாம்.

இன்னொன்று, இலவச உழைப்பு. தொண்டூழியம் வேறு, முழுநேர வேலையைச் சம்பளமில்லாமல் வாங்கிக்கொள்வது வேறு. வார இறுதியில் பறவை எண்ணுவது முதல் வகை. ஆறு மாதம் தினமும் அலுவலகம் வரச் சொல்லிப் போக்குவரத்துச் செலவைக்கூடத் தராதது இரண்டாம் வகை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்ளலாம். படிப்புக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவர்களால் முடியாது. துறைக்குள் யார் நிலைக்கிறார்கள், யார் விலகுகிறார்கள் என்பதைப் பல நேரங்களில் திறமையைவிட இதுவே தீர்மானித்துவிடுகிறது. வட்டங்கள் மனம்வைத்து மாற்ற வேண்டிய குறை இது.

பெண் பிள்ளைகளைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அனுப்பப் பெற்றோர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. யாரோடு போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், குழுவில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, காப்புறுதி உண்டா என்று கேட்கலாம். ஒழுங்காக நடக்கும் அமைப்பு இந்தக் கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் தரும். முதல் முறை பகல் நேர நிகழ்வுக்கு அப்பாவோ அண்ணனோ கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இயற்கைக் கழகத்தின் நடைகளில் குடும்பமாக வருவோரும் உண்டு.

பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு இந்த வேலை தொழிற்பயிற்சிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பலர் வீட்டுக்குப் பக்கம், தங்கும் செலவு மிச்சம் என்று கிடைத்த அலுவலகத்தில் அந்த மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். பயிற்சி இடத்துக்கான கடிதங்களை முந்தைய பருவத்திலேயே அனுப்பத் தொடங்கினால், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம், மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலகம், ஆலோசகர் நிறுவனம், செம்பனை ஆலை என்று நான்கைந்து இடங்களைக் கேட்டுப் பார்க்க நேரம் இருக்கும். கடிதத்தோடு, தாம் செய்த ஓர் ஆய்வுப் பாடவேலையின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் இணைக்கலாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். அழைப்பை எடுப்பவரின் பெயரைக் குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.